ஜீயபுரத்தில் வண்டி நிற்கும்

ஜனவரி 8, திங்கள்

தேன்மொழி கேட்டுக்கொண்டதால் எழுதுகிறேன். நேற்று ஜீயபுரத்துக்குக் கிளம்பும்போது பெட்டியின் ஜிப்பை இழுத்துக்கொண்டே சொன்னாள்: "தினமும் அவன் என்னென்ன பண்ணான்னு எழுதி வைங்க. நான் வந்து படிச்சிக்கிறேன். போன்ல கேட்டா 'நல்லாருக்கான்'னு ஒரே வார்த்தையில முடிச்சிருவீங்க."

சரி. செழியன், வயது இரண்டும் இரண்டு மாதமும். காலையில் ஒன்றரை இட்லி. பாதி வாயில், பாதி என் சட்டையில். குளிக்க வைத்தேன், எனக்கும் சேர்த்துக் குளியல் ஆயிற்று. கீழ்வீட்டு ரெங்கநாயகி அக்கா மதியம் வரை பார்த்துக்கொண்டார். வீட்டுக்காரர்தான், ஆனால் வாடகையைத் தவிர வேறு எதிலும் வீட்டுக்காரர் மாதிரி நடந்துகொள்ள மாட்டார். தேன்மொழி எங்கே என்று கேட்டார். நர்ஸ்களுக்கு மதுரையில் ட்ரெய்னிங் என்று சொல்லிவிட்டேன். மாலையில் என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு அவனையும் தூக்கிக்கொண்டு போனேன்.

அம்மா எங்கே என்று ஒரே ஒரு தடவைதான் கேட்டான்.

ஜனவரி 9, செவ்வாய்

இரண்டு தடவை.

ஜனவரி 11, வியாழன்

தேன்மொழி வீடியோவில் வந்தாள். அவன் போனை வாங்கி அவள் முகத்தைப் பார்த்தான், பிறகு போனைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தான். அங்கே அவள் இல்லை. மறுபடி திருப்பினான். பிறகு போனைத் தரையில் அடித்தான். கண்ணாடி கீறிவிட்டது. இனிமேல் அவன் தூங்கிய பிறகு பேசுவது என்று முடிவு செய்திருக்கிறோம்.

நாள் முழுக்க நல்ல விளையாட்டு. கொல்லைப் பக்கம் வாழைத்தோப்பைத் தாண்டிக் கரூர் பாசஞ்சர் போனபோது இடுப்பிலிருந்து எம்பி "கூ! கூ!" என்று கத்தினான். ரயிலுக்கு இனி அதுதான் பெயர் போலிருக்கிறது.

ஜனவரி 14, ஞாயிறு

போகி. அவனைக் கூட்டிக்கொண்டு ரயிலில் ஜீயபுரம் போனேன். என் யோசனைதான். தேன்மொழி அங்கே தன் சித்தி வீட்டுத் தோப்பில் இருக்கும் அறையில் தனியாக இருக்கிறாள். வெட்டவெளியில் முகக்கவசம் போட்டுக்கொண்டு தள்ளி நின்று பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சளியில் கிருமி நிற்கும்வரை இரண்டு வயதுக் குழந்தை பக்கத்தில் போகக் கூடாது. அதையும் அவர்தான் சொன்னார்.

பிளாட்பாரத்தின் கடைசியில், வேப்பமரத்தடியில் நின்றாள். இறங்கியதும் என் கையை உதறிக்கொண்டு அவளை நோக்கி ஓடினான். அவன் இவ்வளவு வேகமாக ஓடுவான் என்று எனக்குத் தெரியாது. அவள் பின்வாங்கினாள். இவன் இன்னும் ஓடினான். அவள் "பிடிங்க, அவனப் பிடிங்க" என்று கத்திக்கொண்டே பின்வாங்கிப் போய், கடைசியில் திரும்பி ஓடியே விட்டாள், ஸ்டேஷன் வேலியைத் தாண்டி. நான் பிடித்துவிட்டேன்.

திரும்பி வரும் வண்டியில் தூங்கிவிட்டான். வழியில் எதுவும் சாப்பிடவில்லை. மற்றபடி நல்ல பயணம்.

ஜனவரி 15, திங்கள்

பொங்கல் வைத்தேன். அடிப்பிடித்துவிட்டது. செழியன் இரண்டு வாய் சாப்பிட்டான்.

அவன் தூங்கிய பிறகு தேன்மொழி கூப்பிட்டாள். அவன் சாப்பிட்டானா என்று கேட்டாள். பிறகு சொன்னாள்: "இனிமே இறங்காதீங்க. வண்டியிலயே வாங்க. இங்க ரெண்டு நிமிஷம் நிக்கும்ல, ஜன்னல் வழியா பாத்துக்கிறேன். நடுவுல கம்பி இருந்தா என்னால தாங்க முடியும்."

ஜனவரி 21, ஞாயிறு

ஜீயபுரத்தைத் தாண்டிக் கோட்டை ஸ்டேஷன் வரை டிக்கெட் எடுத்தேன். போகும்போது ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை, ஜீயபுரத்தில் வண்டி நிற்கும்.

பிளாட்பாரப் பக்கத்து ஜன்னல் கிடைத்தது. அவள் மஞ்சள் சேலை உடுத்திக்கொண்டு நாலடி தள்ளி நின்றாள். இவன் கம்பிக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு பார்த்தான். அழவில்லை. அவள் கையாட்டினாள். இவன் தன் கையை உற்றுப் பார்த்துவிட்டு, ஆட்டினான். வண்டி நகர்ந்தபோது "ம்மா டாட்டா" என்றான். இரண்டு சொல் சேர்த்து அவன் பேசியது இதுதான் முதல் தடவை. தேன்மொழி, உனக்கு அது கேட்டிருக்காது. அதனால் பெரிதாக எழுதி அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

கோட்டையில் இறங்கி ஆளுக்கொரு வாழைப்பூ வடை. அவன் பூவையெல்லாம் எடுத்துப்போட்டுவிட்டு வடையை மட்டும் தின்றான்.

ஜனவரி 24, புதன்

ரயில் பைத்தியம் பிடித்துவிட்டது. எந்த வண்டி போனாலும் கொல்லைக்கு ஓடவேண்டும்; பாசஞ்சர் என்றால் கடைசி ஜன்னல் வரை பார்க்கவேண்டும். கூட்ஸ் வந்தால் "பெரீய கூ." அது போய் முடிகிறவரை கடை, குளியல், சாப்பாடு எல்லாம் நிற்கவேண்டும். தட்டை எடுத்துக்கொண்டு கொல்லையிலேயே ஊட்டிவிடுகிறேன். ஒரு கூட்ஸ் வண்டிக்கு இரண்டு இட்லி இறங்குகிறது. ஊரில் இன்னும் நாலு கூட்ஸ் விட்டால் பையன் தேறிவிடுவான்.

ஜனவரி 30, செவ்வாய்

மனசு சரியில்லை. இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

சுகாதார நிலையத்திலிருந்து ஒரு பெண் வந்தார். வீட்டில் இருக்கிறவர்களைப் பரிசோதிக்கவேண்டுமாம். வாசலில் நின்று, "டி.பி. பேஷன்ட் தேன்மொழி வீடு இதுதானே?" என்று கேட்டார். கெட்ட எண்ணமில்லை, குரல் அப்படி. ரெங்கநாயகி அக்கா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். ஆய்ந்துகொண்டே இருந்தார், தலை நிமிரவில்லை.

ஆக, இந்த நோட்டில் நான் எழுதாமல் வைத்திருந்த பெயர் தெருவுக்கே தெரிந்துவிட்டது. காசநோய். தேன்மொழி வேலை பார்த்த கிளினிக்கில் யாரிடமிருந்தோ வந்திருக்கவேண்டும். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று அவளிடம் நானே சொல்லியிருக்கிறேன். பிறகு மதுரையில் ட்ரெய்னிங் என்று ஏன் சொன்னேன்?

எனக்கு ஒன்றுமில்லை. செழியனுக்குக் கையில் ஊசி போட்டிருக்கிறார்கள். அந்த இடம் வீங்குகிறதா என்று இரண்டு நாள் பார்க்கவேண்டும்.

ஜனவரி 31, புதன்

வீங்கவில்லை. காலையில் பார்த்தேன். அப்புறமும் சில தடவை பார்த்தேன். அவன் அதை விளையாட்டு என்று நினைத்து, என்னைக் கண்டாலே கையை நீட்டுகிறான்.

பிப்ரவரி 1, வியாழன்

இல்லை. எக்ஸ்ரேயும் சுத்தம். இருந்தாலும் முன்னெச்சரிக்கையாக ஆறு மாதம் தினமும் மாத்திரை. தேனில் குழைத்துக் கொடுத்தேன். தேனை நக்கிக்கொண்டு மாத்திரையைத் துப்பினான். வெல்லப்பாகில் கொடுத்தேன். இறங்கிவிட்டது.

பிப்ரவரி 3, சனி

ரெங்கநாயகி அக்காவுக்கு முதுகு வலி, குழந்தையைத் தூக்க முடியவில்லை என்று சொன்னார். நான் கேட்காமலே சொன்னார். இனி செழியன் முழுநாளும் கடையில்தான்.

கடைக்கு அவனால் நன்மையும் உண்டு. பெரிய ஃப்ரேம் ஒன்றை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தான். வந்தவர்களில் இரண்டு பேர் சிரித்துவிட்டு வாங்கவும் செய்தார்கள்.

பிப்ரவரி 11, ஞாயிறு

இன்று வண்டியில் கூட்டம். பிளாட்பாரப் பக்கத்து ஜன்னலில் கீரைக்கட்டுக்காரம்மா உட்கார்ந்திருந்தார். ஞாயிறுதோறும் பெட்டவாய்த்தலையில் ஏறுகிறவர். ஜீயபுரம் நெருங்க நெருங்க இவன் என் மடியில் துள்ளுகிறான், நான் கழுத்தை நீட்டுகிறேன். கேட்கவும் கூச்சமாக இருந்தது. அவரே எழுந்தார்.

"வாடா ராசா, வந்து உக்காரு. போன வாரமும் பாத்தேன், அதுக்கு முந்தின வாரமும் பாத்தேன். அது உங்க அம்மாதான?"

"ஆமா" என்றேன்.

"என்னா, சண்டையா?"

"இல்லம்மா. அவளுக்கு டி.பி. பிள்ளைக்கு வரக் கூடாதுன்னு தள்ளி இருக்கா."

ரயில் பெட்டியில், முன்பின் தெரியாதவரிடம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. பக்கத்தில் இருந்த ஒருவர் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார். கீரைக்காரம்மா நகரவில்லை. வண்டி நின்றதும் ஜன்னல் வழியாகத் தேன்மொழியைப் பார்த்து, "பிள்ளை நல்லாச் சாப்புடுறான், கவலப்படாத தாயி!" என்று கத்தினார். தேன்மொழி முதலில் திகைத்தாள். பிறகு தலைக்குமேல் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிப்ரவரி 16, வெள்ளி

கடையில் கண்ணாடி வைக்கும் காலிக் கூடுகள் நிறைய இருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்து ரயில் ஓட்டுகிறான். பொம்மை ரயில் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்; அதன் சக்கரத்தைக் கழற்றிவிட்டு மறுபடி கூடுகளுக்கே வந்துவிட்டான்.

ஒரு தொந்தரவு. ரயிலை ஒழுங்காக ஓரமாக வைப்பவன், ஒரே ஒரு கூட்டை மட்டும் தனியாக ஆட்கள் நடக்கிற வழியில் நிறுத்திவைக்கிறான். வருகிறவர்கள் காலில் படுகிறது. மூன்று தடவை எடுத்து வரிசையில் சேர்த்தேன். மூன்று தடவையும் திரும்ப எடுத்து அங்கேயே வைத்தான். நாலாம் தடவை ஒரு அதட்டுப் போட்டேன். உதடு பிதுங்கியது.

"ஏண்டா, இது மட்டும் ஏன் தனியா நிக்குது?"

அவன் ரயிலைத் தொட்டான். "கூ." பிறகு தனியாக நின்ற கூட்டைத் தொட்டான். "ம்மா."

பார்த்தால் அது மஞ்சள் நிறக் கூடு.

கடையைக் கொஞ்ச நேரம் சாத்திவிட்டுத் தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். இத்தனை நாளும் ரயில் பைத்தியம் என்று எழுதிக்கொண்டிருந்தது யார்? கொல்லைக்கு அப்பால் போகிற ஒவ்வொரு பாசஞ்சரின் ஜன்னலையும் அவன் ஏன் அப்படித் துழாவினான் என்று ஒரு நாளாவது நான் யோசித்திருக்கலாம்.

தேன்மொழி, இந்தப் பக்கத்தைக் கிழித்துவிடலாமா என்று இருந்தது. கிழிக்கவில்லை.

பிப்ரவரி 22, வியாழன்

ரெங்கநாயகி அக்கா மாடி ஏறி வந்தார். கையில் ஒரு டப்பா சீடை. உட்காரவில்லை.

"தம்பி, நான் அந்த சுகாதார நிலையத்துக்கே போய்க் கேட்டுட்டு வந்தேன். உங்களுக்கும் இல்ல, புள்ளைக்கும் இல்லன்னு சொன்னாங்க. மாத்திரை ஒழுங்காப் போட்டா அந்தப் பொண்ணுகிட்டேருந்தும் போகப்போகப் பரவாதாம்."

"ஆமாக்கா."

"எனக்குப் பயமா இருந்துச்சு. என் பேத்தி வந்து போற வீடு. பொய் சொல்ல மாட்டேன், பயந்துட்டேன்."

"நானும்தான்க்கா பொய் சொன்னேன். மதுரையில ட்ரெய்னிங்னு."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும். ட்ரெய்னிங் போறவ ஏன் போர்வை தலையணையெல்லாம் எடுத்துட்டுப் போறா?" என்றார். பிறகு செழியனைத் தூக்கிக்கொண்டு படியிறங்கினார். முதுகு வலி போன இடம் தெரியவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

இப்போது வழியில் வரும் ஸ்டேஷன் பெயரெல்லாம் சொல்கிறான். பெட்டவாய்த்தலை "பெட்டா." பெருகமணி "மணி." எலமனூரில் எழுந்து நின்றுவிடுவான், அடுத்தது என்ன என்று தெரியும். பெட்டியில் பாதிப் பேருக்கு இவனைத் தெரியும். ஜீயபுரத்தில் நாலைந்து பேர் சேர்ந்து கையாட்டுகிறார்கள்.

தேன்மொழி கொஞ்சம் சதை போட்டிருக்கிறாள். நாளை மறுநாள் இரண்டு மாதச் சளிப் பரிசோதனை. இந்த முறை கிருமி இல்லையென்றால் அடுத்த ஞாயிறே வீடு. மெத்தை உறைகளைத் துவைத்துப் போட்டிருக்கிறேன்.

மார்ச் 7, வியாழன்

பரிசோதனை முடிவு வந்தது.

மார்ச் 8, வெள்ளி

எழுத ஒன்றுமில்லை. செழியன் நன்றாகச் சாப்பிட்டான்.

மார்ச் 9, சனி

கிருமி இன்னும் இருக்கிறது. மிகவும் குறைந்துவிட்டது, சிலருக்கு இப்படி ஆகும், மாத்திரைக்குக் கட்டுப்படாத வகையா என்று பார்க்க இன்னொரு பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறோம், இன்னும் ஒரு மாதம் என்று டாக்டர் சொன்னாராம். போனில் தேன்மொழி அழவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நாளைக்கு வராதீங்க" என்றாள்.

"ஏன்?"

"எனக்கு அங்க வந்து நிக்கத் தெம்பு இல்ல. ஒவ்வொரு வாரமும் அவன் கொஞ்சம் கொஞ்சமா வளந்து வண்டியில போறான். நான் அதே எடத்துல நிக்கிறேன்."

வராமல் இருக்கிறோம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

போனோம்.

காலையில் அவனே செருப்பை எடுத்து வந்து என் காலில் வைத்தான். அவனுக்கு ஞாயிறு என்று எப்படித் தெரியும்? கீழே ரெங்கநாயகி அக்கா கோலம் போடும்போது பேச்சுக்கொடுத்திருக்கலாம். எப்படியோ, என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

எலமனூரில் வழக்கம்போல எழுந்து நின்றுவிட்டான். அவள் வரமாட்டாள், இவன் தேடுவான், என்ன செய்யப்போகிறேன்? வண்டி நின்றது. வேப்பமரத்தடியில் யாருமில்லை. இவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். "ம்மா?" என்று என்னைக் கேட்டான். கீரைக்காரம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

விசில் ஊதிவிட்டது. அப்போதுதான் பார்த்தேன், வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நைட்டியோடு, தலை கலைந்து, முகக்கவசத்தைக் காதில் மாட்டிக்கொண்டே ஓடி வருகிறாள். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. கூடவே ஓடினாள். இவன் கெக்கெக்கே என்று சிரிக்கிறான், அவள் விளையாட்டுக் காட்டுகிறாள் என்று. பிளாட்பாரம் முடியும்வரை ஓடி, இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள்.

போன் வந்தது. "வரமாட்டோம்னீங்கல்ல?"

"நீயும்தான் வரமாட்டேன்ன."

"வண்டி சத்தம் கேட்டுச்சு. கால் நிக்கல." பிறகு, "ஏங்க, நான் அவ்ளோ தூரம் ஓடுனேன், பாத்தீங்களா? இருமலே வரல" என்றாள்.

மார்ச் 20, புதன்

மாத்திரைக்குக் கட்டுப்படுகிற வகைதான். ரெங்கநாயகி அக்கா பாயசம் வைத்தார். செழியன் பாயசத்தில் முந்திரியை மட்டும் பொறுக்கி எடுத்து வரிசையாக அடுக்கினான். "கூ."

மார்ச் 31, ஞாயிறு

போகும்போதும் பார்த்தோம், வரும்போதும் பார்த்தோம். வெயில் ஏறிவிட்டது. அவனுக்குத் தொப்பி வாங்கினேன். தேன்மொழிக்குக் காட்டவேண்டும் என்று கழற்றவே விடவில்லை.

ஏப்ரல் 5, வெள்ளி

கிருமி இல்லை. இல்லை. இல்லை.

ஏப்ரல் 7, ஞாயிறு

மாத்திரை இன்னும் சில மாதம் உண்டு. ஆனால் வீட்டுக்கு வரலாம்.

ஜீயபுரத்தில் இறங்கி அவளைக் கூட்டிக்கொள்கிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றுவிட்டாள். "அந்தப் பிளாட்பாரத்துல வேண்டாம். அங்கதான் நான் அவன விட்டுட்டு ஓடுனேன். வழக்கம்போல கோட்டைக்குப் போயிட்டு வாங்க. திரும்பும்போது நான் வண்டியில ஏறிக்கிறேன்."

போகும்போது எப்போதும்போல நின்றாள், கையாட்டினாள். திரும்பும்போது ஜீயபுரத்தில் வேப்பமரத்தடி காலி. இவன் பதறிவிட்டான். கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு, "ம்மா, ம்மா" என்று அழ ஆரம்பித்தான். அவள் அதற்குள் ஏறி, பையோடு அவனுக்குப் பின்னால் வந்து நின்றுவிட்டாள். முகக்கவசம் இல்லை. மூன்று மாதத்துக்குப் பிறகு அவள் வாயையும் மூக்கையும் நேரில் பார்க்கிறேன்.

"செழி" என்றாள்.

திரும்பினான். பார்த்தான். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, விரலை வெளியே நீட்டி, "ம்மா அங்க" என்றான்.

அவள் முகம் எப்படி ஆயிற்று என்று எழுதத் தெரியவில்லை. கையை நீட்டியவள், மடக்கிக்கொண்டாள். எதிர் சீட்டில் உட்கார்ந்தாள். சந்தை முடிந்து திரும்பிக்கொண்டிருந்த கீரைக்காரம்மா, "அவசரப்படாத தாயி. அவனா வரட்டும்" என்றார்.

எலமனூர் போயிற்று. பெருகமணி போயிற்று. என் தோளுக்கு மேலிருந்து ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே வந்தான். அவள் சும்மா கையை மட்டும் ஆட்டினாள், பிளாட்பாரத்தில் ஆட்டுகிற மாதிரியே. அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். திரும்பி அவளைப் பார்த்தான். மறுபடி வெளியே. மறுபடி அவளை.

மெதுவாக என் மடியிலிருந்து இறங்கி, நடுவில் கிடந்த பையைத் தாண்டிப் போய், அவள் கன்னத்தை ஒரு விரலால் தொட்டான். பிறகு உதட்டை. பிறகு வாய்க்குள் விரலை விட்டுப் பல்லை.

"ம்மா" என்றான். என்னிடம் திரும்பி, பெட்டியில் எல்லோருக்கும் கேட்கிற குரலில் சொன்னான்: "ம்மா உள்ள!"

ஏப்ரல் 8, திங்கள்

காலையில் எழுந்ததும் அவளை இழுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனான். நான் டீயோடு பின்னால் போனேன். பாசஞ்சர் வாழைத்தோப்பைத் தாண்டி வந்தது. அவன் எந்த ஜன்னலையும் தேடவில்லை. எஞ்சினைப் பார்த்தான், சக்கரத்தைப் பார்த்தான், ஹாரன் அடித்தபோது காதைப் பொத்திக்கொண்டு குதித்தான்.

தேன்மொழி வண்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஏங்க, இது நீல வண்டியா?"

"என்ன கேக்கற? மூணு மாசமா ஞாயித்துக்கிழமைதோறும் பாத்தியே."

"நான் எங்க வண்டிய பாத்தேன்? அந்த ஒரு ஜன்னலத்தான் பாத்தேன்."

செழியன் அவள் தாடையைப் பிடித்து வண்டிப் பக்கம் திருப்பினான். "கூ பாரு, ம்மா. கூ பாரு."

அவள் இடுப்பில் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டு, கடைசிப் பெட்டி மறைகிறவரை பார்த்தாள்.